எழுதியவர் ஒருவர், வாசிப்பவர் ஆயிரம் பேர்: தெரியுமா உங்களுக்கு?

ஒரே தாள். ஒரே சுரங்கள். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் ஒருவர் வாசித்தால் சுமார் நாலேகால் நிமிஷத்தில் முடிகிறது, இன்னொருவர் வாசித்தால் எட்டு நிமிஷத்தைத் தொடுகிறது! பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வின் முதல் பகுதியைத்தான் சொல்கிறேன். கனடாக்காரர் கிளென் கூல்ட் 1967-ல் பதிவு செய்தது வேகம். ஆங்கிலேயப் பியானோ மேதை சாலமன் 1952-ல் பதிவு செய்தது நிதானம். நம் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு காலம் வித்தியாசம்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே உருப்படி என்று நம்பவே சிரமமாக இருக்கும்.

அந்த நிலாவுக்கும் பீத்தோவனுக்கும் சம்பந்தமே இல்லை, தெரியுமா? 1801-ல் எழுதி 1802-ல் அச்சிட்டபோது அவர் கொடுத்த தலைப்பு 'கற்பனையைப் போல ஒரு சொனாட்டா' என்பதுதான். அர்ப்பணம், அவருடைய மாணவி ஜூலியெட்டா குய்ச்சார்டிக்கு. நிலவொளியோடு ஒப்பிட்டவர் லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற ஜெர்மன் விமர்சகர். இந்தச் சொனாட்டாவையே எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுவது பீத்தோவனுக்குப் பிடிக்கவில்லை. இதைவிட நல்லவற்றை எழுதியிருக்கிறேன் என்று தம் சீடர் செர்னியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

சரி, ஒரே தாள் எப்படி இத்தனை விதமாகிறது? காரணம் தாளிலேயே இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை விட்டதும், ஒலியடக்கி என்ற சிறு துண்டு கம்பிமேல் விழுந்து ஒலியை நிறுத்தும். பீத்தோவனோ இந்தப் பகுதி முழுவதையும் மிக மென்மையாக, ஒலியடக்கிகள் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அவர் காலத்து வியன்னா பியானோவில் சுமார் ஐந்து ஸ்தாயிதான். ஒலியடக்கிகளைத் தூக்கக் காலடியில் பெடல் கிடையாது, முழங்காலால் தள்ளும் நெம்புகோல்! கம்பிகளும் மெல்லியவை, ஒலி சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் முந்தின சுரத்தின் சாயல் லேசாகத் தங்கும், அவ்வளவுதான். இன்றைய 88 கட்டை கிராண்ட் பியானோவில் ஒலி நெடுநேரம் நிற்கிறது. அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும் என்று பெரும்பாலானவர்கள் அஞ்சி, சுரக்கட்டு மாறும்போதெல்லாம் பெடலை மாற்றிவிடுகிறார்கள்.

ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ராஷ் ஷிஃப் அஞ்சவில்லை. பீத்தோவன் சொன்னால் சொன்னதுதான் என்று பெடலை விடாமல் பிடித்தே வாசிக்கிறார். இன்னொன்றையும் அவர் கவனித்தார்: 'பார்' என்ற தாள அளவு ஒன்றுக்கு நாலு எண்ணாதே, இரண்டு எண்ணு என்று தாளின் தொடக்கத்திலேயே குறி போட்டிருக்கிறது! இரண்டு எண்ணினால் நடை தானாகவே முன்னே நகரும். இழுத்து இழுத்து வாசிக்கும் வழக்கமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர் கட்சி. என் மனம் ஷிஃப் பக்கம்தான். ஆனாலும் சாலமன் அந்த எட்டு நிமிஷமும் ஒரு சுரம் தளராமல் பிடித்து நிற்பதைக் கேட்டால், தாளில் உள்ள குறி மறந்தே போகிறது.

ஒரு நாட்டின் பிரதமர் இதை சினிமாவில் வாசித்திருக்கிறார், தெரியுமா? 1919-ல் போலந்தின் பிரதமராக இருந்த பியானோக் கலைஞர் பெடரெவ்ஸ்கி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1937-ல் வந்த 'மூன்லைட் சொனாட்டா' என்ற படத்தில் தாமாகவே தோன்றி வாசித்தார்! அதற்குச் சற்று முன், 1932 முதல் 1935 வரை, ஆர்த்தர் ஷ்னாபெல் லண்டனில் உட்கார்ந்து பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுத் தொகுப்பாக இசைத்தட்டில் ஏற்றினார். வெட்டி ஒட்ட வழியில்லாத காலம். தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிஷம்தான் ஓடும். வேகமான இடங்களில் விரல் தவறியது ஆங்காங்கே அப்படியே பதிவாகியிருக்கிறது. இன்றைக்கும் அந்தத் தொகுப்பைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். பீத்தோவன் இறந்தது 1827. நம் சியாமா சாஸ்திரி மறைந்ததும் அதே 1827, தெரியுமா? பீத்தோவனைவிட முத்துசாமி தீட்சிதர் ஐந்து வயதுதான் இளையவர். வியன்னாவில் அந்தச் சொனாட்டா அச்சேறிய நாட்களில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவருமே இங்கே உயிரோடு இருந்தார்கள்! தீட்சிதர் காதில் ஐரோப்பிய இசையும் விழுந்திருக்கிறது. ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டுக்குக்கூட அவர் சமஸ்கிருத சாகித்தியம் செய்திருக்கிறார். இந்த வகைக்கு நொட்டுஸ்வரம் என்று பெயர். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் மேல்நாட்டு வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்.

'மூன்லைட்' அங்கே எப்படியோ, அப்படி இங்கே தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்'. ஹம்சத்வனி, ஆதி தாளம். கச்சேரி தொடங்கவும் அதுதான், கல்யாண வீட்டு நாதஸ்வரத்திலும் அதுதான். இதற்கும் ஒட்டிக்கொண்ட கதை உண்டு. 642-ல் பல்லவன் நரசிம்மவர்மனின் படை வாதாபியை வென்றபோது தளபதி பரஞ்சோதி இந்தப் பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்பார்கள். பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்டர். அவர் வாதாபியிலிருந்து யானை, குதிரை, மணி, நிதி எல்லாம் கொண்டுவந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது, பிள்ளையாரைச் சொல்லவில்லை! பாட்டுக்குள் பிள்ளையாரை வணங்குகிறவராக வருபவரோ அகத்தியர், வாதாபி என்ற அசுரனைத் தின்று செரித்த அதே முனிவர்.

ஆனால் இந்தப் பாட்டுக்கு நடந்தது பீத்தோவன் விஷயத்தில் நடக்கவே நடக்காது. பல்லவி வரியை ஒரு தடவை நேராகப் பாடுகிறோம். அடுத்த தடவை வரியின் முடிவில் ஒரு வளைவு. அதற்கடுத்தது நடுவிலிருந்தே வேறு பாதை பிடிக்கிறது. பிறகு மேலே ஏறித் தார ஸ்தாயியில் நின்று, சுற்றி வந்து எடுப்பில் சேர்கிறது. இவைதான் சங்கதிகள். இன்று நாம் கேட்கும் வாதாபியில் இந்தச் சங்கதிகளை அடுக்கி வளர்த்தவர் மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) என்பது வித்வான்களின் வழக்கு. தீட்சிதர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர் அவர்! பாடகர் சேர்த்தது பாட்டாகவே ஆகிவிட்டது. கிளென் கூல்ட் எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும், அவர் சேர்க்கும் ஒரு வரி பீத்தோவனின் தாளில் ஏறாது. இங்கே ஏறியிருக்கிறது, யாருக்கும் குறையாகவும் படவில்லை.

அந்தச் சங்கதிகளையும் ஆளுக்கொரு விதமாகப் பாடுகிறார்கள். ஜி.என்.பாலசுப்பிரமணியம் குரலில் பிருகாக்கள் பொறி பறக்கும். எம்.எஸ்.சுப்புலட்சுமியிடம் சுருதியும் உச்சரிப்பும் முன்னால் வந்து நிற்கும், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே காதில் விழும். எம்.டி.ராமநாதனுக்கு ஹம்சத்வனி என்றால் தனிப் பிரியம், அந்த ராகத்தில் சொந்தமாகக் கீர்த்தனையும் செய்தவர். கனத்த குரலில், மற்றவர்கள் ஓடுகிற இடத்தில் நின்று, சொல்லைச் சுவைத்துப் பாடுவார். சாலமனை எனக்கு நினைவூட்டுகிறவர் அவர்தான்.

பியானோவையும் ஹம்சத்வனியையும் சேர்த்து ஒரு வேடிக்கை, வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். 'சி' கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, ரி, க, ப, நி ஐந்துமே வெள்ளைக் கட்டைகள்! கறுப்பைத் தொட வேண்டியதே இல்லை. 'மூன்லைட்' தொடங்கும் மூன்று சுரங்களில் இரண்டு கறுப்பில்தான் விழுகின்றன. ஆனால் கட்டையில் ஹம்சத்வனியின் சுரம் வரும், ராகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகக் கட்டையில் வழியில்லை, கமகம் எங்கே இருந்து வரும்? இத்தனைக்கும் இந்த ராகம் வடக்கேயும் போய்விட்டது. பேண்டி பஜார் கரானாவின் அமன் அலி கான் அதில் பந்திஷ் செய்தார், அமீர் கான் பாடினார், 1956-ல் 'பரிவார்' இந்திப் படத்தில் சலீல் சௌத்ரி அதைச் சினிமாப் பாட்டாக்கினார்.

கமகம் வேண்டுமென்றால் நாதஸ்வரத்துக்குத்தான் வர வேண்டும். அதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் கொல்லிமலைக்குக் கீழேயே, இதே நாமக்கல் மாவட்டத்தில், நாமகிரிப்பேட்டை. வானொலியில் காலை நேரத்து மங்கள இசை என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் ஊர்! விரல் துளையை முழுக்க மூடாமல் பாதி மூடி, சீவாளியில் மூச்சை இறுக்கியும் தளர்த்தியும் ஒரே துளையிலிருந்து எத்தனை நெளிவு எடுக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைப்பது இந்த மலையிலேயே இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன் படம் எடுத்துக்கொண்டு, வாசலூர்பட்டியில் படகேறி, அருவி பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில் ஒரு கச்சேரியே நடக்கிறது, தெரியுமா? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்திய வேட்டுவன் ஒருவன் எதிரே நிற்கிறான். அவன் யாரென்று தெரியாமலே, நான் பாடப்போகிறேன் என்று சொல்லி விறலியரிடம் ஒவ்வொரு கருவியாக எடுக்கச் சொல்கிறார் பாணர் கூட்டத்தின் தலைவர்: முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி. கடைசியாகப் பதலை. அதற்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு கொடுக்கிறார்: ஒரு முகத்தை மட்டும், மெல்ல வாசியுங்கள்!

மிக மென்மையாக வாசி என்று பீத்தோவன் தாளின் தலையில் எழுதினாரே, அதே வகைக் குறிப்பு சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலைப் பாட்டில் இருக்கிறது! இருபத்தொரு துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, கோவே என்று விளித்ததும், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று அந்த வேட்டுவன் நாணுகிறான். அவன்தான் ஓரி. மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். எந்த மெட்டு என்று பாட்டில் இல்லை, எந்த அளவுக்கு மெல்ல என்பதும் இல்லை. அதை அந்தப் பதலைக்காரிதான் முடிவு செய்திருப்பாள்.

இன்றிரவே கேட்டுப் பாருங்கள். முதலில் ஷிஃப், அடுத்து சாலமன். வலது கை சுழன்றுகொண்டே இருக்கட்டும், நீங்கள் இடது கையை மட்டும் பின்தொடருங்கள். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அழுத்தி, படிப்படியாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு படியிலும் யார் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் ஜி.என்.பி., எம்.எஸ்., பிறகு ஏதாவது ஒரு நாதஸ்வர வாதாபி. பல்லவியில் எத்தனை சங்கதி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். மூன்றிலும் எண்ணிக்கை ஒத்துப்போனால் எனக்குச் சொல்லுங்கள்!