உடையினுள் வீசும் காற்று: பாய்பொருளியக்கவியலும் உழைப்பாளர் உடலும்

முரசு கட்டிலென அறியாது அதன்மீது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் தகடூரெறிந்த பெருஞ்சேரலிரும்பொறை கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றின் 50ஆம் பாடல் கூறுகின்றது. அச்செய்தி பாடுபொருளாகும் தகுதியைப் பெற்றமைக்குக் காரணம் வீசியவன் அரசன் என்பதேயாகும். ஏவலர் வீச அரசன் துயின்றிருப்பின் அதிற் பாடுவதற்கு எதுவுமில்லை. வீசுதல் ஏவலரின் தொழில். வீசப்பெறுதல் உடையோரின் உரிமை. காலனித்துவ இந்தியாவில் வெள்ளை அதிகாரியின் தலைக்குமேல் அசைந்த பங்காவின் கயிற்றை வெளியிலிருந்து இழுத்தவனின் நிலையும் இதுவே. ஓர் உடல் குளிர்வதற்கு இன்னோர் உடல் உழைத்து வெப்பமுற வேண்டியிருந்தது.

இன்று நிலைமை தலைகீழாக மாறியிருப்பது போலத் தோன்றுகின்றது. யப்பானின் கட்டடத் தொழிலாளர் காற்றாடி பொருத்திய மேற்சட்டைகளை அணிகின்றனர். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தெற்காசியத் தொழிலாளருக்கு நீரில் நனைத்து அணியும் குளிர்மைச் சட்டைகள் வழங்கப்படுகின்றன. கவரி இப்பொழுது உழைப்பவனின் முதுகிலேயே பொருத்தப்பட்டுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இது உழைப்பாளருக்குக் கிடைத்த விடுதலையா, அன்றி உழைப்பை நீடிப்பதற்கான புதிய வழியா? இவ்வினாக்களுக்கு விடைகாண முன்னர், இக்கருவிகள் இயங்கும் பௌதிக அடிப்படையை நாம் விளங்கிக்கொள்ளல் அவசியம். விஞ்ஞானத்தை விளங்கிக்கொள்ளாது செய்யப்படும் சமூக விமரிசனம் வெறும் மனக்குறையாகவே முடியும்.

1. உடல் வெப்பத்தின் வரவு செலவு

ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. மண் வெட்டுதல், மூடை சுமத்தல் முதலிய கடும் வேலைகளின்போது இது 400 வாற்றையும் கடக்கும். உணவினால் உடல் பெறும் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் அகற்றப்படாவிடின் உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியசிலிருந்து உயரத் தொடங்கும். 40 பாகையைக் கடப்பின் உயிராபத்து நேரும்.

வெப்பம் உடலைவிட்டு நீங்கும் வழிகள் நான்கு: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், ஆவியாதல். வெயிலில் உழைப்பவரின் தோல் ஏறத்தாழ 35 பாகையில் இருக்கும். சூழலும் அதே வெப்பநிலையை அடையும்பொழுது முதல் மூன்று வழிகளும் அடைபட்டுவிடுகின்றன. ஆவியாதல் ஒன்றே எஞ்சுகின்றது. 1 லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கின்றது. ஒரு மணித்தியாலத்தில் அவ்வாறு நிகழின் அது சுமார் 670 வாற்றுக் குளிர்விப்புக்குச் சமனாகும். மண்பானையில் ஊறிக் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதே மறைவெப்பத்தினாலேயே. எனினும் வியர்வை ஆவியாதல் வேண்டும். ஒழுகி நிலத்தில் விழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் இழக்கச் செய்கின்றதேயன்றிக் குளிர்விப்பதில்லை.

இவ்விடத்திலேதான் பாய்பொருளியக்கவியல் முக்கியத்துவம் பெறுகின்றது. திரவமும் வாயுவுமாகிய பாய்பொருள்கள் ஒரு திண்ம மேற்பரப்பை ஒட்டிச் செல்லுகையில், மேற்பரப்பைத் தொடும் பகுதி அதனுடன் ஒட்டி அசைவற்றிருக்கும். அதிலிருந்து விலக விலக வேகம் அதிகரிக்கும். இவ்வாறு வேகம் குன்றிய மெல்லிய பகுதியை 1904இல் ஜேர்மனிய அறிஞர் லுட்விக் பிரான்டில் எல்லைப்படை என விளக்கினார். காற்றில்லா இடத்தில் நிற்கும் ஒருவரின் தோலைச் சுற்றி வெப்பமும் ஈரமும் செறிந்த இத்தகைய படையொன்று போர்வைபோலக் கவிந்திருக்கும். தோலிலிருந்து வெப்பமும் ஆவியும் அப்படையை ஊடுருவியே வெளியேறுதல் வேண்டும். காற்று வேகமாக வீசும்போது அப்படை மெலிகின்றது, வெளியேற்றம் விரைவடைகின்றது. பனையோலை விசிறி செய்யும் வேலை இதுவே. விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை. நம் உடலே உண்டாக்கிய ஈரப் போர்வையை அது கலைக்கின்றது.

யப்பானிய மேற்சட்டை இத்தத்துவத்தை உடைக்குள் கொண்டுவருகின்றது. முன்னர் சோனி நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஹிறோஷி இச்சிகயா உருவாக்கிய இவ்வுடை 2000களின் நடுப்பகுதியிற் சந்தைக்கு வந்தது. இடுப்பின் பின்புறத்தே இரண்டு சிறு காற்றாடிகள் மின்கலத்தின் துணையால் வெளிவளியை உள்ளிழுக்கின்றன. துணி எளிதில் வளியைக் கசியவிடாது நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால், சட்டை சற்றுப் பருத்து, உடலுக்கும் துணிக்குமிடையே ஒரு வளிப்பாதை தோன்றுகின்றது. வளி முதுகையும் மார்பையும் தழுவிச் சென்று கழுத்தினூடாகவும் கையோரத்தினூடாகவும் வெளியேறுகின்றது. இங்கு குளிரூட்டும் இயந்திரம் எதுவுமில்லை. குளிர்விப்பது தொழிலாளரின் வியர்வையே. காற்றாடி அவ்வியர்வைக்கு வழிவிடுகின்றது.

இதன் எல்லையும் இதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. 35 பாகையிலுள்ள 1 கனமீற்றர் வளி ஏறத்தாழ 40 கிராம் நீராவியையே கொள்ளும். அவ்வளியின் சாரீரப்பதன் 50 சதவீதமாயின் மேலும் 20 கிராமை ஏற்க இடமுண்டு. 80 சதவீதமாயின் எஞ்சுவது 8 கிராம் மட்டுமே. காற்றாடியின் வேகம் மாறாதிருப்பினும் அதன் பயன் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகின்றது. வளி தோலைவிட வெப்பமாயின், வீசும் காற்று வெப்பத்தை உடலுக்குள்ளும் செலுத்தும். உலர்நிலத்தில் உதவும் உடை, ஈரங்கூடிய கடற்கரையிலும் அதே அளவு உதவும் என எதிர்பார்த்தல் பௌதிகத்துக்கு முரணானது.

இவ்வுண்மை புதிதன்று. இங்கிலாந்தின் கோண்வோல் சுரங்கங்களில் ஆய்வு செய்த ஜே. எஸ். ஹால்டேன், மனிதவுடலின் தாங்குதிறனைத் தீர்மானிப்பது சாதாரண வெப்பமானி காட்டும் அளவன்று, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே என 1905இல் எடுத்துக்காட்டினார். அசைவற்ற வளியில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகையைக் கடந்தால், இடுப்புக்கு மேல் ஆடையின்றி வேலையேதும் செய்யாதிருப்பவரின் உடல்வெப்பநிலையும் உயர்வதை அவர் கண்டார். வளி அசையுமாயின் அவ்வெல்லை சில பாகை உயர்ந்தது. 2010இல் ஷெர்வுட், ஹூபர் ஆகியோர் 35 பாகை ஈரக்குமிழ் வெப்பநிலையை மனித வாழ்வின் கோட்பாட்டு எல்லையாகக் குறிப்பிட்டனர். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா அரசப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞரிடையே நடத்தப்பட்ட பரிசோதனைகளோ, ஈரங்கூடிய சூழலில் நடைமுறை எல்லை 31 பாகையளவிலேயே இருப்பதைக் காட்டின.

2. குழாயினுள் ஓடும் நீர்

வளிக்கு மாற்று நீர். ஒரே கனவளவை எடுத்துக்கொண்டால் நீர் வளியைப்போல ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் பாண்பரோவிலிருந்த அரச வானூர்தி ஆய்வுநிலையத்தினர், உள்ளாடையில் மெல்லிய குழாய்களைப் பொருத்தி அவற்றினூடே நீரைச் செலுத்தும் உடையொன்றை விமானிகளுக்கென உருவாக்கினர். அதன் தேவை விரைவில் விண்வெளியிலும் உணரப்பட்டது. 1966 யூனில் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து வெளிவந்த யூஜின் சேர்னனின் உடை வாயுவினாற் குளிர்விக்கப்பட்டது. எதிர்பார்த்ததிலும் கடுமையாக அவர் உழைக்க நேர்ந்தபோது வாயுவோட்டம் போதாதாயிற்று. வியர்வையின் ஆவி முகக்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது. 1969இல் சந்திரனில் நடந்தோர் அணிந்தது நீர்க்குழாய் உடையே.

இதன் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 1.5 லீற்றர் நீர் உடலைச் சுற்றிவந்து 4 பாகை வெப்பமேறினால் அது சுமார் 420 வாற்று வெப்பத்தை அகற்றும். கடும் உழைப்பின் வெப்பம் முழுவதும் இதிலடங்கும். சிக்கல் குழாயின் பருமனில் உள்ளது. மெல்லிய குழாயிற் செல்லும் நீர் அருவிக்கோட்டுப் பாய்ச்சலாகவே ஓடும். அத்தகைய ஓட்டத்தில், குழாயின் ஆரையைப் பாதியாக்கினால், அதே அளவு நீரைச் செலுத்த 16 மடங்கு அமுக்கம் வேண்டும். 1840களில் இவ்விதியை வெளியிட்ட புவாசெய் ஒரு மருத்துவர். நுண்ணிய குருதிக் குழாய்களில் ஓட்டம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதே அவரை இவ்வாய்வுக்கு இட்டுச் சென்றது. விண்வெளி உடையை அமைத்தோரும் உடலின் வழியையே பின்பற்றினர்: ஒரே நீண்ட குழாய்க்குப் பதிலாக, நீரைப் பகிர்ந்துகொள்ளும் பல சமாந்தரக் குழாய்கள். இதனால் சிறிய பம்பியே போதுமானதாயிற்று. நீர் மிகக் குளிராக இருத்தலும் ஆகாது. தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளிவருவதைத் தடுத்துவிடும்.

ஆயினும் வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகின்றது. சந்திரனில் அது நீரை உறையச் செய்து வெற்றிடத்திற் பதங்கமாக்குவதன் மூலம் வெளியேற்றப்பட்டது. புவியில் அதற்குப் பனிக்கட்டியோ, முதுகிற் சுமக்கும் குளிரூட்டியோ வேண்டும். 1 கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை ஏற்கும். 4 கிலோகிராம் 2 மணித்தியாலத்தில் உருகுமாயின் கிடைப்பது சராசரி 185 வாற்று. அச்சுமையைத் தூக்குவதும் உழைப்பே. அதுவும் வெப்பத்தைப் பிறப்பிக்கும்.

3. குளிரின் சமூக வரலாறு

இனி முதல் வினாவுக்குத் திரும்புவோம். முதலாளித்துவ உற்பத்தியில் வளியைக் கட்டுப்படுத்தும் முயற்சி மனிதருக்காகத் தொடங்கியதன்று. 1902இல் வில்லிஸ் கரியர் வடிவமைத்த புகழ்பெற்ற முதல் வளிச்சீராக்கத் தொகுதி புறூக்ளினிலிருந்த ஓர் அச்சகத்துக்கானது. ஈரத்தினாற் கடதாசி விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதற்கு முன்னரே லங்காஷயர் நெசவாலைகளில் நூல் அறாதிருக்கும் பொருட்டுக் கூடங்களுக்குள் நீராவி செலுத்தப்பட்டது. நூலுக்கு நலம் பயத்த ஈரம் நெசவாளியின் வியர்வை ஆவியாவதைத் தடுத்தது. தொழிலாளரின் எதிர்ப்பைத் தொடர்ந்து 1889இல் பருத்தித்துணி ஆலைச் சட்டம் அவ்வீரத்துக்கு வரம்பு விதித்தது. கடதாசியும் நூலும் தமக்கேற்ற காலநிலையைப் பெற்றன. உழைப்பவர் தமக்குரியதைப் போராடிப் பெற வேண்டியிருந்தது.

தொழிலாளியின் உடலை நேரடியாகக் குளிர்விக்கும் முயற்சி எங்கு தோன்றியது என்பதும் கருதத்தக்கது. 1970களில், நிறவொதுக்கல் ஆட்சிக்குட்பட்ட தென்னாபிரிக்காவின் ஆழ்ந்த தங்கச் சுரங்கங்களிற் பனிக்கட்டி மேற்சட்டைகள் பரிசோதிக்கப்பட்டன. ஆழம் கூடக் கூடப் பாறையின் வெப்பம் உயர்ந்தது; சுரங்கம் முழுவதையும் குளிர்விக்கும் செலவும் உயர்ந்தது. இடத்தைக் குளிர்விப்பதிலும் உடலைக் குளிர்விப்பது மலிவாகும் எல்லையிலேயே உடற்குளிர்விப்பு உழைப்பாளரை நாடி வருகின்றது. கவரி கைமாறியதன் பொருளாதாரம் இதுவே.

இதனால் இக்கருவிகள் யாவும் தீயவை என நாம் கூறவில்லை. வெப்பத்தால் நோய் மோசமடையும் நரம்புநோயாளர் பலருக்குக் குளிர்மைச் சட்டை நடமாடும் ஆற்றலை அளித்துள்ளது. உலைக்களத்திலும் வீதிப்பணியிலும் அது உயிர் காக்கக்கூடும். கருவியை உடைத்தல் நமது வழியன்று. கருவியை ஆளும் உறவுகளை ஆராய்தலே நமது பணி.

4. காற்றும் நேரமும்

மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், 1863இல் லண்டனில் இறந்த மேரி ஆன் வோக்லி என்ற இருபது வயது ஆடை தைக்கும் பெண்ணைப் பற்றி மாக்ஸ் எழுதுகின்றார். சீமாட்டிகளின் நடனவிருந்துக்கான ஆடைகளைத் தைப்பதற்காக அவள் இருபத்தாறரை மணித்தியாலம் தொடர்ந்து உழைத்திருந்தாள். நெரிசல் மிகுந்த அறையில் நீண்டநேரம் உழைத்தமையும், காற்றோட்டமற்ற சிறிய அறையில் உறங்கியமையும் அவளது மரணத்தின் காரணங்களென மருத்துவர் சாட்சியமளித்தார். அவர் காற்றையும் நேரத்தையும் சேர்த்தே குறிப்பிட்டமை கவனத்துக்குரியது. அணியத்தக்க குளிர்விப்பு இவற்றுள் முதலாவதை மட்டுமே தொடுகின்றது. அது மட்டுமன்று, காற்றைச் சீராக்கியதைக் காட்டி நேரத்தை நீட்டவும் இடமளிக்கின்றது. உழைப்பைக் குறைக்கவல்ல இயந்திரம் முதலாளித்துவ உறவுகளுள் வேலைநாளை நீட்டும் கருவியாகும் முரண்பாட்டை மாக்ஸ் அதே நூலில் விளக்கியுள்ளார். காற்றாடிச் சட்டைக்கும் அம்முரண்பாடு பொருந்தும்.

ஆகவே கவனிக்கவேண்டியது சட்டையோடு சட்டமும் வருகின்றதா என்பதாகும். கட்டாரில் 2021ஆம் ஆண்டின் அமைச்சு ஆணை, யூன் 1 முதல் செப்தெம்பர் 15 வரை முற்பகல் 10.00 தொடக்கம் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்வதைத் தடைசெய்தது. வெப்பச்சுட்டி 32.1 பாகையைக் கடக்கும் எவ்வேளையிலும் வெளிவேலை நிறுத்தப்பட வேண்டுமெனவும் அது விதித்தது. இச்சுட்டியில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 0.7 பங்கு உண்டு. ஹால்டேனின் கண்டுபிடிப்பு இங்கு சட்டமாகியுள்ளது. நம் நாட்டிலிருந்து சென்று அங்கு உழைப்போருக்கு இவ்வெண் உயிரோடு தொடர்புடையது. காற்றாடிச் சட்டையின் தாயகமான யப்பானிலும், சட்டை மட்டும் போதாதென உணரப்பட்டு, 2025 யூன் முதல் வெப்பநோய்த் தடுப்பு ஏற்பாடுகள் தொழில்தருநர்மீது சட்டக் கடமையாக்கப்பட்டன.

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். உடையின் விலையும் மின்கலத்தின் செலவும் தொழில்தருநரின் பொறுப்பாதல் வேண்டும். உடை வழங்கப்பட்டதென்ற காரணத்தால் ஓய்வோ நிழலோ குடிநீரோ குறைக்கப்படலாகாது. உலர்ந்த நாட்டிற் சோதித்த உடையை ஈரங்கூடிய நம் கரையோரங்களில் மீளச் சோதியாது ஏற்கலாகாது. நமது பல்கலைக்கழகங்களின் பௌதிக, பொறியியல், மருத்துவத் துறைகள் இணைந்து செய்யத்தக்க ஆய்வு இது. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை கடந்தவிடத்து வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளரிடம் இருத்தல் வேண்டும்.

அவ்வுரிமையைக் கோருவதற்கு வேண்டிய அறிவு கைக்கெட்டாததன்று. ஒரு வெப்பமானி, அதன் குமிழைச் சுற்ற நனைந்த பருத்தித்துணி, அதை வீசிக் காட்ட ஒரு கை: ஈரக்குமிழ் வெப்பநிலையை அறிய இவை போதும. வெப்பம் தாங்கக்கூடியதா என்பதை மேற்பார்வையாளரின் வாய்ச்சொல் தீர்மானிக்கும் இடத்தில், ஒரு தொழிற்சங்கம் தானே அளந்து எழுதிவைத்த எண்ணை முன்வைக்குமாயின் வாதத்தின் தளமே மாறும். அவ்வெண்ணை அளக்கும் முறையையும் அதன் பொருளையும் தமிழில் எழுதி வேலைத்தலங்களுக்குக் கொண்டுசெல்வது விஞ்ஞானமும் தமிழும் கற்றோர் உடனடியாகத் தொடங்கவேண்டிய பணியாகும்.