சக்கரத்தில் ஒரு கீறல்

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். பிச்சாட்டூரிலிருந்து புத்தூர், திருப்பதி என்று சவாரி போவார். கல்யாணம், ஆஸ்பத்திரி எதற்கும் அவர் கார்தான்.

ஒரு நாள் முன் டயரில் காற்று குறைந்தது. காற்று பிடித்தார். மறுநாளும் குறைந்தது. பஞ்சர் கடைக்குப் போனார். சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் முக்கினார்கள். டயரில் ஓட்டை இல்லை. ஆனால் இரும்பு ரிம்மிலிருந்து குமிழி வந்தது. துடைத்துப் பார்த்தால், மயிரிழை போல ஒரு கீறல்!

"வெல்டிங் வைத்துக் கொடு தம்பி. காலையில் சவாரி இருக்கிறது" என்றார் அண்ணன்.

"முடியாது அண்ணா. ரிம்மை மாற்றுங்கள்" என்றார் கடைக்காரத் தம்பி.

அண்ணனுக்குக் கோபம். புது ரிம் வாங்கப் பணம் வேண்டாமா? அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் தம்பி சொன்னதுதான் சரி.

ஒரு கம்பியை எடுத்து வளையுங்கள். நிமிர்த்துங்கள். மறுபடி வளையுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பல தடவை செய்தால் பட்டென்று உடையும். சக்கரமும் அப்படித்தான். வண்டியின் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மைத் துளி வளைத்து விடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் 500 சுற்றுக்கு மேல்! பள்ளத்தில் விழுந்தாலும், ஆட்களை அடைத்து ஏற்றினாலும், நட்டு தளர்ந்தாலும் கீறல் விழும். பிறகு அது வளரும். வெல்டிங் சூடு பக்கத்து இரும்பின் பலத்தைக் கெடுக்கும். அங்கே மறுபடி வெடிக்கும்.

உள்பக்கத்துக் கீறல் வெளியே தெரியாது. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் எஷெடே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விரைவு ரயில் கவிழ்ந்தது. 101 பேர் இறந்தார்கள். ஒரு சக்கரத்தின் இரும்பு வளையம் உள்பக்கமாக விரிசல் கண்டு உடைந்ததே காரணம்.

ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் கணீர் என்று ஒலிக்கும். காருக்கு இது உதவாது. டயர் ஒலியை அமுக்கிவிடும். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சக்கரம் கழற்றும்போதெல்லாம் சேற்றைக் கழுவிவிட்டு, டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். நட்டு ஓட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். நடுத்தட்டும் வெளிவளையமும் ஒட்டும் இடத்தைப் பாருங்கள். நட்டு அடியிலிருந்து துருக்கோடு இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங் புதிதாக ஆடினாலும் அப்படியே.

சந்தேகமா? பழைய முறை ஒன்று உண்டு. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று விடுங்கள். உலரத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து ஈரக்கோடு தெரியும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. கோடு தெரியாவிட்டாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அண்ணன் அன்று ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போனார். மறு வாரம் ரிம் வாங்கினார். பழையதைத் தம்பி சம்மட்டியால் அடித்து நெளித்துப் போட்டார். வேறு யாராவது எடுத்து மாட்டிவிட்டால்?