சேவல் கூவாத ஊர்

கோழி கூவியா பொழுது விடிகிறது என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு இயைந்த ஒரு கிழவியின் கதையும் நமக்குத் தெரியும். தன் சேவல் கூவுவதால்தான் ஊரில் பொழுது விடிகிறது என்று நம்பிய அவள், ஊராரோடு பிணங்கிச் சேவலுடன் வேற்றூர் சென்றுவிடுகிறாள். மறுநாளும் அவ்வூரில் பொழுது விடிகிறது, கேட்போர் நகைக்கின்றனர். இக்கதை கன்னட நாட்டிலும் வழங்குவதே.

அங்கு மைசூரில் மருத்துவம் பயின்ற சிதானந்த நாயக் என்னும் இளைஞர், புணேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தார். முன்னாளில் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தையும் தயாரித்த பிரபாத் நிறுவனத்தின் வளாகத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற கலைக்கூடம் அது. படிப்பின் இறுதியில் எடுக்கவேண்டிய குறும்படத்திற்கு நாயக் இப்பழங்கதையையே தெரிந்துகொண்டார். படத்தின் பெயரை 'முதலில் அறிந்தவை சூரியகாந்திப் பூக்களே' எனத் தமிழாக்கலாம். உரையாடல் கன்னடம், ஓடும் நேரம் ஏறத்தாழ 16 நிமிடம், படப்பிடிப்புக்குக் கிடைத்தவை நான்கே நாட்கள். 2024ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில், மாணவர் படங்களுக்கான பிரிவில் இது முதற் பரிசு பெற்றது. 555 பள்ளிகளிலிருந்து வந்த 2,263 படங்களில் 18 மட்டுமே அப்பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன.

கதையை அவர் திருப்பிய விதமே என்னை மிகவும் ஈர்த்தது. வாய்வழிக் கதையில் கிழவி பேதை. படத்திலோ அவள் சேவலைத் திருடிச் செல்கிறாள். ஊரை மெய்யாகவே இருள் சூழ்ந்துகொள்கிறது. சேவலை மீட்கவென்று ஒரு குறிவாக்கைக் காட்டி, அவள் குடும்பத்தையே ஊரைவிட்டு அகற்றுகின்றனர். தன்னால்தான் இவ்வூருக்கு விடிகிறது என்று ஒருத்தி எண்ணுவது செருக்கா, அவ்வூரில் தனக்கும் இடமுண்டு என்று சொல்லும் வழியா? நகைப்புக்குரிய கதைக்குள் இப்படியொரு கேள்வி இருந்ததை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் வாழும் கட்கியில் அக்கேள்வி சற்று உறைக்கவே செய்யும். 1869இல் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் பாளையமும் உள்ள ஊர் இது. பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் மூன்றாந் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தறியார். அண்டை வீட்டுச் சிறுவனிடம் ஒருநாள் இக்கதையைத் தொடங்கினேன். தன் பாட்டி சொன்னதென்று அவனே அதனை முடித்தான். ஆனால் அவன் வாயில் சேவல் என்னும் சொல் வரவில்லை. 'கோம்ப்டா' என்றே மராத்தியில் கூறினான். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனாதலால் திருத்த நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். சேவலை மூடிவைத்தாலும் கிழக்கு வெளுக்காமல் இராது என்னும் பொருளில் மராத்தியிலும் ஒரு பழமொழி உண்டு. அதை அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பிறகு, "அந்தப் பாட்டி எந்த ஊருக்குப் போனாங்க, மாமா?" என்று கேட்டான்.