செல்போன் போட்டியில் சாய்ந்த யானை!

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலை மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். "அரோகரா!" என்று கூட்டம் முழங்குகிறது. முன்பெல்லாம் எல்லாக் கைகளும் தலைக்கு மேல் குவிந்திருக்கும். இப்போது பாதிக் கைகளில் செல்போன்!

அந்தப் போன்களின் கம்பெனிப் பெயர்கள் பல. ஆனால், உள்ளே இருந்து அவற்றை நடத்தும் மென்பொருள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, கூகுளின் ஆண்ட்ராய்டு. மற்றது, ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். போன் வெறும் கூடு, மென்பொருள்தான் உயிர். கம்பெனிகளின் சண்டை இந்த உயிருக்காகத்தான்.

பழைய சண்டை

இதே சண்டை முன்பு கம்ப்யூட்டரில் நடந்தது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி மேஜைக் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மென்பொருள் கொடுத்தவர் மைக்ரோசாப்ட் கம்பெனியின் பில் கேட்ஸ். கெட்டிக்காரர்! "ஐ.பி.எம்.முக்கு மட்டும்தான்" என்று அவர் கட்டுப்படவில்லை. கேட்ட கம்பெனிக்கெல்லாம் விற்றார்.

1984-ல் ஆப்பிள் 'மெக்கின்டாஷ்' கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அழகான பொருள்தான். ஆனால், பெட்டியும் மென்பொருளும் ஆப்பிள் கையிலேயே இருந்தன. விலையும் அதிகம். ஜனங்கள் மலிவான பக்கம் போனார்கள். 1997-ல் ஆப்பிள் நொடித்துப்போகும் நிலை! அப்போது 15 கோடி டாலர் போட்டுக் கைகொடுத்தது யார் தெரியுமா? அதே மைக்ரோசாப்ட்!

புதிய சண்டை

2007-ல் ஆப்பிள் ஐபோன் வந்தது. மறு ஆண்டே ஆண்ட்ராய்டு போன் வந்தது. கூகுள், பில் கேட்சையும் மிஞ்சியது. போன் செய்கிறவர்களுக்கு மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. அப்படியானால் வருமானம்? நாம் போனில் எதையாவது தேடும்போது விளம்பரம் வருகிறதல்லவா? அதில்தான் காசு.

மலிவு விலைப் போன்கள் குவிந்தன. இந்தியாவில் 100 ஸ்மார்ட்போன்களில் 90-க்கு மேல் ஆண்ட்ராய்டுதான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2013-ல் ஆண்ட்ராய்டு பிரிவுக்குத் தலைவரானார்.

ஆப்பிள் இந்த முறை நொடிக்கவில்லை. வாங்குகிறவர்கள் குறைவு, லாபமோ கொள்ளை!

நம் பக்கம் விழுந்த இடி

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நோக்கியா. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகப் போன் விற்ற பின்லாந்துக் கம்பெனி. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஆலையைத் திறந்தது. கிராமத்துப் பெண்கள் ஏராளமானோர் வேலைக்குச் சேர்ந்தார்கள். வீட்டுக்குச் சம்பளம் வந்தது.

2011-ல் நோக்கியா, மைக்ரோசாப்டுடன் கைகோத்தது. மைக்ரோசாப்டோ, பழைய வழக்கப்படி மற்றப் போன் கம்பெனிகளிடம் மென்பொருளுக்குக் காசு கேட்டது. பக்கத்துக் கடையில் சும்மா கொடுக்கும்போது யார் வாங்குவார்கள்? வாங்குவோர் குறைவு என்பதால், புதிய செயலிகளைச் செய்து தரவும் ஆட்கள் வரவில்லை. செயலி இல்லாத போன், சரக்கில்லாத கடை.

2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்டே வாங்கிவிட்டது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் சம்பளம் நின்றது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சண்டையில் ஜெயித்த மைக்ரோசாப்டும், பிறகு போன் சண்டையை விட்டே விலகியது.

2019-ல் அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், பாக்ஸ்கான் ஆலை ஐபோன் செய்யத் தொடங்கியது. இங்கேயும் பெண்கள்தான் அதிகம். விடுதியிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் செய்யும் ஐபோன்களில் பெரும்பகுதி விமானம் ஏறி வெளிநாடு போகிறது. அதில் ஒன்றின் விலை, செய்கிறவருக்குப் பல மாதச் சம்பளம்!