இங்கிலாந்துச் சட்டத்தில் குற்றவியல் மேல்முறையீடு

குற்றவியல் மேல்முறையீடு என்பது, குற்ற வழக்கு ஒன்றில் கீழ் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையோ தண்டனையையோ மேல் நீதிமன்றம் மீண்டும் ஆராய வேண்டும் எனக் கோரும் சட்ட வழிமுறை ஆகும். இக்கட்டுரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள முறையை விளக்குகிறது. ஐக்கிய இராச்சியத்தின் ஏனைய பகுதிகளான ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனித்தனி நீதிமன்ற அமைப்புகளைக் கொண்டவை.

மேல்முறையீடு செல்லும் வழி, வழக்கு முதலில் எந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. நடுவர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்தால் முழு வழக்கும் புதிதாக விசாரிக்கப்படும். கிரவுன் நீதிமன்றத்தில் ஜூரி அளித்த தீர்ப்பை எதிர்த்தாலோ மறு விசாரணை இல்லை; அத்தீர்ப்பை நம்பி நிலைநிறுத்தலாமா என்பது மட்டுமே ஆராயப்படும்.

வரலாறு

1907 ஆம் ஆண்டுக்கு முன்னர், ஜூரியால் குற்றவாளி என முடிவு செய்யப்பட்டவருக்கு அம்முடிவை எதிர்த்து முறையிடும் பொதுவான உரிமை இருக்கவில்லை. 1848 இல் ஏற்படுத்தப்பட்ட ஒரு நீதிமன்றம், விசாரணை நீதிபதி தாமாக அனுப்பும் சட்ட ஐயங்களை மட்டுமே தீர்த்து வைத்தது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர் அரச மன்னிப்பையே நம்பியிருக்க வேண்டியிருந்தது.

இந்நிலை மாற முக்கியக் காரணமாக அமைந்தது அடால்ஃப் பெக் என்பவரின் வழக்கு. நார்வே நாட்டவரான இவர், பெண்களை ஏமாற்றி நகைகளைப் பறித்ததாக 1896 இல் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் இவரே குற்றவாளி என அடையாளம் காட்டினர். விடுதலையான பின், 1904 இல் அதே வகைக் குற்றத்திற்காக மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே உண்மைக் குற்றவாளி பிடிபட்டதால் பெக் மன்னிப்பு அளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். இவ்வழக்கு எழுப்பிய கண்டனத்தைத் தொடர்ந்து, 1907 இல் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டம் இயற்றப்பட்டுத் தனி நீதிமன்றம் ஒன்று உருவானது. 1966 இல் அதன் பணிகள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவுக்கு மாற்றப்பட்டன. இப்பிரிவின் அதிகாரங்கள் பெரும்பாலும் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன் திருத்தங்களிலும் அடங்கியுள்ளன.

நடுவர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடு

குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை நடுவர் நீதிமன்றங்களிலேயே முடிகின்றன. ஊதியம் பெறாத பொதுமக்களாகிய நடுவர்கள் அல்லது மாவட்ட நீதிபதி ஒருவர் அவற்றை விசாரிப்பார். ஜூரி கிடையாது. இங்கிருந்து மேலே செல்ல இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, கிரவுன் நீதிமன்றத்தில் முறையிடுதல். நீதிபதி ஒருவரும் பொதுவாக இரு நடுவர்களும் அமர்ந்து, சாட்சிகளை மீண்டும் அழைத்து, வழக்கைத் தொடக்கத்திலிருந்து விசாரிப்பர். இரு தரப்பினரும் புதிய சான்றுகளையும் முன்வைக்கலாம். எனினும் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டவர், பொதுவாகத் தண்டனையை எதிர்த்து மட்டுமே முறையிட இயலும். இவ்வழியில் ஓர் இடரும் உண்டு. நடுவர் நீதிமன்றம் விதித்திருக்கக்கூடிய உச்ச வரம்புக்குள், கிரவுன் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் செய்யலாம்.

இரண்டாவது, சட்டப் பிழை அல்லது அதிகார வரம்பு மீறல் குறித்து உயர் நீதிமன்றத்தை நாடுதல். கண்டறியப்பட்ட நிகழ்வுகளையும் தீர்க்க வேண்டிய சட்ட வினாவையும் நடுவர்கள் எழுத்தில் தருவர். உயர் நீதிமன்றம் அவ்வினாவுக்கு மட்டும் விடையளிக்கும். இவ்வழி அரசுத் தரப்புக்கும் திறந்துள்ளது.

கிரவுன் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடு

கொலை, கொள்ளை போன்ற கடுங்குற்றங்கள் கிரவுன் நீதிமன்றத்தில் 12 பேர் கொண்ட ஜூரியின் முன் விசாரிக்கப்படுகின்றன. இத்தீர்ப்புகளை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாட முன் அனுமதி தேவை. நடைமுறை பின்வருமாறு:

* குற்றத்தீர்ப்பு அல்லது தண்டனை அளிக்கப்பட்ட 28 நாட்களுக்குள், காரணங்களைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். காலக்கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.
* நீதிபதி ஒருவர் ஆவணங்களை மட்டும் படித்து அனுமதி அளிப்பார் அல்லது மறுப்பார்.
* மறுக்கப்பட்டால், நீதிபதிகள் குழுவின் முன் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கலாம். அது அடிப்படையற்றது எனக் குழு கருதினால், சிறையில் கழித்த நாட்களில் ஒரு பகுதி தண்டனைக் காலத்தில் சேராது என ஆணையிடலாம்.
* அனுமதி கிடைத்தால் முழு விசாரணை நடைபெறும். குற்றத்தீர்ப்பை எதிர்க்கும் வழக்குகளில் பொதுவாக மூன்று நீதிபதிகள் அமர்வர்.

குற்றத்தீர்ப்பு ‘பாதுகாப்பற்றது’ எனக் கருதினால் அதை நீக்க வேண்டும் என்பதே நீதிமன்றத்துக்குச் சட்டம் விதித்துள்ள ஒரே அளவுகோல். நம்பி நிலைநிறுத்த இயலாதது என்பது இதன் பொருள். ஜூரி தன் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை. அதன் கலந்தாய்வும் இரகசியமானது. ஆகவே ஜூரி எங்கே தவறியது என்று காட்ட வழியில்லை. முறையிடுபவர் வேறிடத்தில் பிழை தேட வேண்டும். ஜூரிக்கு நீதிபதி அளித்த தவறான அறிவுரை, ஏற்கத்தகாத சான்றை ஏற்றமை, அரசுத் தரப்பு மறைத்த ஆவணம், புதிய சான்று ஆகியன வழக்கமான காரணங்கள்.

புதிய சான்றை ஏற்பதற்கு, அது நம்பத்தக்கதா, முதல் விசாரணையில் முன்வைக்கப்படாமைக்குத் தக்க விளக்கம் உள்ளதா என்பன போன்றவை கருதப்படும். பிழை நிகழ்ந்திருப்பினும் தீர்ப்பு பாதுகாப்பானதே என நீதிமன்றம் கருதினால் முறையீடு தள்ளுபடியாகும். தீர்ப்பு நீக்கப்பட்டால், தேவையெனில் புதிய ஜூரியின் முன் மறு விசாரணைக்கு ஆணையிடலாம்.

இதற்கு மேல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் உள்ளது. 2009 அக்டோபர் வரை இப்பணியைப் பிரபுக்கள் அவை செய்து வந்தது. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்ட வினா ஒன்று வழக்கில் அடங்கியுள்ளது எனக் கீழ் நீதிமன்றம் சான்றளித்தால் மட்டுமே இவ்வழி திறக்கும்.

அரசுத் தரப்பின் உரிமைகள்

ஜூரி ஒருவரைக் குற்றமற்றவர் என விடுவித்தால், அதை எதிர்த்து அரசுத் தரப்பு நேரடியாக முறையிட முடியாது. குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை மிகக் குறைவு எனக் கருதினால், அரசின் தலைமை வழக்கறிஞர் அதை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பலாம்.

2003 ஆம் ஆண்டுச் சட்டம், கடுங்குற்றங்களில் புதிய, வலுவான சான்று கிடைத்தால் விடுதலையை நீக்கி மீண்டும் விசாரிக்க வழி செய்தது. 1993 இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில், 1996 இல் விடுவிக்கப்பட்ட கேரி டாப்சன் இவ்வாறே மீண்டும் விசாரிக்கப்பட்டு 2012 இல் தண்டிக்கப்பட்டார்.

மறு ஆய்வு ஆணையம்

மேல்முறையீடு தோற்ற பின்னர் உண்மை வெளிப்பட்டால் என்ன செய்வது? 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேர், 16 ஆண்டுகள் சிறையில் கழிந்த பின் 1991 இல் விடுவிக்கப்பட்டது இக்கேள்வியைக் கூர்மையாக்கியது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்ற வழக்குகள் மறு ஆய்வு ஆணையம் நிறுவப்பட்டு, 1997 இல் பணியைத் தொடங்கியது. தீர்ப்பு நிலைக்காமல் போக மெய்யான வாய்ப்பு உள்ளது எனக் கருதினால், ஆணையம் வழக்கை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 1953 இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லியின் குற்றத்தீர்ப்பு இவ்வழியாகவே 1998 இல் நீக்கப்பட்டது.

ஆணையமும் தவறியதுண்டு. செய்யாத வன்புணர்வுக் குற்றத்திற்காக 17 ஆண்டுகள் சிறையிலிருந்த ஆண்ட்ரூ மால்கின்சனின் விண்ணப்பத்தை அது இருமுறை மறுத்தது. டி.என்.ஏ. சான்றின் அடிப்படையில் 2023 இல்தான் அவரது குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

எடுத்துக்காட்டு: ஹொரைசன் வழக்குகள்

மேற்கூறிய வழிகளில் சில ஒருங்கே பயன்பட்ட நிகழ்வு, பிரித்தானிய அஞ்சலக நிறுவனத்தின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் தொடர்பானது. 1999 முதல் நிறுவப்பட்ட இம்மென்பொருள், இல்லாத பணக்குறைவைக் காட்டியது. அதை நம்பி அஞ்சலகக் கிளை நடத்துநர்கள் நூற்றுக்கணக்கானோர் திருட்டு, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். கணினி சரியாக இயங்கியது என முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. எனவே மறுப்புச் சான்று இல்லாத வரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கருதப்பட்டது. மென்பொருளின் உள்ளமைப்பைப் பார்க்க வழியற்ற ஒருவரால் அத்தகைய சான்றைத் திரட்டுவது அரிது.

2019 இல் உயர் நீதிமன்றம் உரிமையியல் வழக்கொன்றில் மென்பொருளின் குறைகளை உறுதி செய்தது. மறு ஆய்வு ஆணையம் வழக்குகளை அனுப்பியது. நடுவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட 6 பேரின் தீர்ப்புகளை 2020 டிசம்பரில் கிரவுன் நீதிமன்றம் நீக்கியது. கிரவுன் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட 42 பேரின் முறையீடுகளில் 39 ஐ 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. எஞ்சியோர் ஒவ்வொருவராக முறையிட்டால் மேலும் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், 2024 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தகைய தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே ஆராய்ந்து முடித்த வழக்குகள் இச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை.