உயிரியற் கல்வியும் உற்பத்தி உறவுகளும்: புத்தளக் கரையோரம் பற்றிய சில குறிப்புகள்

உயிரியல் கற்பவர் வைத்தியராவதற்கே கற்கின்றார் என்னும் எண்ணம் நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களை எடுப்போருள் மிகச் சிறு பகுதியினரே மருத்துவ பீடங்களை அடைகின்றனர். எஞ்சியோர் விஞ்ஞான பீடங்களுக்கும் விவசாய பீடங்களுக்கும் செல்கையில், பெற்றோரும் ஆசிரியரும் அதனை ஒரு தோல்வியாகவே கொள்கின்றனர். உடலுழைப்பினின்று விலகிய உத்தியோகமே கல்வியின் பயன் என்று குடியேற்ற ஆட்சிக் காலத்து மத்தியதர வர்க்கம் வகுத்த அளவுகோலை இன்னும் நாம் கைவிடவில்லை என்பதையே இது காட்டுகின்றது. விலங்கியலும் தாவரவியலும் கற்றோர் எங்கே செல்கின்றனர், அவர்களது அறிவு யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாக்களைப் புத்தள மாவட்டக் கரையோரத்தை வைத்து நோக்குவது பயனுடைத்து. கடலும் களப்பும் கண்டற்காடும் உப்பளமும் ஒருங்கே அமைந்த அக்கரையில் உயிரியல் ஏட்டறிவாக மட்டும் இருந்ததில்லை.

அக்கரைக்கு நவீன உயிரியல் வந்த வரலாறே கவனத்திற்குரியது. சிலாபத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலின் முத்துப்பார்கள் 1891 இன் பின்னர் பல்லாண்டுகள் பயன் தரவில்லை. வருவாய் இழந்த குடியேற்ற அரசு, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902 இல் வந்து, ஜேம்ஸ் ஹோர்னெல் துணையுடன் பார்களை ஆராய்ந்தார். அவ்வாய்வு அறிக்கைகளை 1903 முதல் 1906 வரை இலண்டன் றோயல் சங்கம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய அரும்பெரும் பதிவுகள் அவை, அதில் ஐயமில்லை. ஆயினும் 1906 இல் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்குத் தனியார் கம்பனியொன்றிடம் சென்றன. 1907 இன் பின்னர் நெடுங்காலம் முத்துக்குளிப்பே நிகழவில்லை. சிப்பியின் வாழ்க்கை வட்டத்தைத் துலக்கிய விஞ்ஞானம், அச்சிப்பியை எடுக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றித் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கவில்லை.

ஏறத்தாழ எண்பதாண்டுகளின் பின்னர் இறால் வந்தது. 1980 களில் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை அண்டிய நிலங்களிலும் கண்டற்காடுகளிலும் புலி இறால் வளர்ப்புக் குளங்கள் வெட்டப்பட்டன. முதலிற் பெருமூலதனக் கம்பனிகள். அவற்றின் இலாபத்தைக் கண்டு பின்னர் சிறு முதலீட்டாளர், கடனாளிகள். ஒல்லாந்தர் காலக் கால்வாய் இக்களப்புகளை இணைக்கின்றது. ஒரு பண்ணை தன் கழிவு நீரை விடும் கால்வாயிலிருந்தே அடுத்த பண்ணை தனக்கு நீரை இறைத்தது. விளைவை ஊகிக்க விலங்கியற் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் பட்டம் பெற்றவர்கள் சொல்லியிருக்கலாம். சிலர் சொல்லவும் செய்தனர். 1988-89 இல் ஒரு வைரசு நோயும், 1996 இல் வெண்புள்ளி நோயும் பண்ணைகளை அழித்தன. வெண்புள்ளி நோய் பற்றினால் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குளம் முழுவதும் மடியக்கூடும், அதற்கு மருந்தில்லை. வைரசை நண்டும் காவும். பெரிய கம்பனிகள் வேறு துறைகளுக்கு நகர முடிந்தது. அடகு வைத்தவர்களுக்கு உவரேறிய குளமே எஞ்சியது.

உயிரியற் பட்டதாரிக்கு இக்கரையில் உண்மையான தொழில் தோன்றியது இந்த அழிவின் பின்னரே எனலாம். குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலைப் பேணுதல், குளத்தில் விடுமுன் குஞ்சுகளை பி.சி.ஆர். முறையாற் சோதித்தல், நீரின் உவர்ப்பையும் ஒட்சிசனையும் அளத்தல் ஆகியன அவற்றுட் சில. 1981 இன் சட்டத்தால் உருவான நாரா நிறுவனத்தின் பிராந்திய நிலையம் கற்பிட்டியில் உண்டு. நன்னீர் வாழ் உயிரின வளர்ப்புக்கும் இறாலுக்கும் பொறுப்பான நக்டா அதிகாரசபை 1998 இன் சட்டத்தின் வழி வந்தது. பண்ணைகளை வலயங்களாக வகுத்து முறைவைத்துக் குஞ்சு விடும் பயிர் நாட்காட்டியும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்காட்டியின் உட்பொருள் மனங்கொள்ளத்தக்கது. நீர் பொதுவாயிருக்க இலாபம் தனியுடைமையாயிருக்கும் முரண்பாட்டை, முற்றாகத் தீர்க்காவிடினும், கூட்டுக் கட்டுப்பாட்டினாலன்றித் தணிக்க முடியாது என்பதைத் தனியார் துறையே நோயின் மூலம் கற்றுக்கொண்டது.

மற்றொரு தொழில், சுற்றாடல் தாக்க மதிப்பீடு. தேசிய சுற்றாடற் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைக் கட்டாயமாக்கியது. ஆனால் மதிப்பீட்டைச் செய்யும் நிபுணருக்கு ஊதியம் தருபவர் திட்டத்தை முன்வைப்பவரே. தனிப்பட்ட நேர்மை பற்றியதல்ல நமது கேள்வி. அறிவுழைப்பு விற்பனைக்கு வரும் சந்தை பற்றியது.

இத்தொழில்களுக்கு இக்கரைப் பிள்ளைகள் வருகின்றனரா? உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. 1சி பாடசாலையோடு முடியும் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பது பேருந்துச் செலவையும் தனியார் வகுப்புக் கட்டணத்தையும் சார்ந்தது. மருத்துவத்தையும் பொறியியலையும் முன்னிட்டு எழுந்த 1970 களின் தரப்படுத்தல் விவாதத்தை நாம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தே பார்த்துள்ளோம். மொழிவழித் தரப்படுத்தல் அநீதி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு, பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படும் புத்தளத்தின் தமிழ் பேசும் மாணவருக்குக் கதவொன்றைத் திறந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது முற்போக்காளர் பலர் இதனை உரத்துச் சொல்லத் தயங்கினர், நாமும் விலக்கல்ல.

உள்ளே சென்றபின் மொழி குறுக்கிடுகின்றது. பாடசாலையிற் கற்றது தமிழில். பல்கலைக்கழக விஞ்ஞானம் ஆங்கிலத்தில். சிலாபப் பகுதிப் பண்ணையாளரோடு பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில். மூன்றும் வாய்க்காதவர் ஆசிரியத்தொழிலுக்கோ, கற்ற பாடத்தோடு தொடர்பற்ற அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிக்கோ ஒதுங்குகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்து, நூல்களையும் ஆக்கினார். இது பெருமை பேசுவதற்கான செய்தியன்று. உயர்கல்வி விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடியாதென்பது மொழியின் இயலாமையால் வந்ததன்று என்பதற்கே இதைச் சுட்டுகின்றோம்.

உடப்பின் கரைவலைத் தொழிலாளரது அம்பாப் பாடல்களை நாட்டாரியலார் தேடிச் சென்று பதிந்துள்ளனர். அதே வலையில் ஏறும் மீன்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும், எக்காற்றில் எம்மீன் கரையணையும், எச்சாதாழையில் ஓரா மேயும் என்னும் அவர்களது அறிவையும் அதே ஊக்கத்தோடு விலங்கியலார் பதிந்தனரெனக் கூற முடியாது. விலங்கியல் மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் ஒரு பருவம் உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒன்றாகத் தங்கினால், அறிவியற் பெயரும் ஊர்ப்பெயரும் அருகருகே நிற்கும் பட்டியலொன்று கைக்கு வரும். அப்பட்டியலின் படியொன்று அவ்வூர்ப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குச் செல்ல வேண்டும். ஆய்வுகூடமில்லாத ஊரில், கரைவலைச் சங்கத்தின் கொட்டிலுக்குச் செல்லட்டும்.