காற்றின் கணக்கு

சாலைப் புகையை மதிப்பிட அறிவியலார் கணித மாதிரிகளைக் கையாள்கின்றனர். ஊர்திகளின் எண்ணிக்கை, ஓடும் தொலைவு, கிலோமீட்டருக்கு உமிழும் மாசு ஆகியவற்றை வகைதோறும் பெருக்கிக் கூட்டினால் மொத்த அளவு கிட்டும். காற்றின் வேகமும் திசையும் அது பரவும் பாங்கைக் காட்டும்.

கலிபோர்னியப் போக்குவரத்துத் துறை உருவாக்கிய 'கேலைன்-4' மாதிரியை டெல்லி ஆய்வாளரும் கையாண்டுள்ளனர். ஆயின், டெல்லிச் சாலைகளில் பேருந்தும் ஆட்டோவும் மிதிவண்டியும் நெருங்கி, நின்று நின்று நகர்கின்றன. குளிர்கால இரவுகளில் காற்றோ அசைவற்றுக் கிடக்கிறது. அயல்நாட்டு ஊர்தியின் உமிழ்வளவை அப்படியே பொருத்தினால் விடை பிழையாகும். பழைய ஊர்திகளின் புகையையும் சாலைப் புழுதியையும் அந்நகரிலேயே அளந்தறிதல் வேண்டும்.

குறைத்துக் காட்டும் கணக்கால் முதலில் துன்புறுவோர் சாலையோரத்து எளியோரே. காற்று இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் கணக்கிலும் நேர்மை வேண்டும்.